ஃபியோ: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் கருவி

சாட்டா எஸ்எஸ்டி ஒன்று நொடிக்கு 2 ஜிபி வேகத்தில் எழுதுவதாக, டிஸ்க் வேகத்தை அளக்கும் ஃபியோ காட்டினால் அந்த எண்ணை அப்படியே ஓரம் வைத்துவிடலாம். சாட்டாவின் மூன்றாம் தலைமுறை இணைப்பே 6 கிகாபிட்தான். நொடிக்கு 600 எம்பிக்கு மேல் அந்தக் கேபிளில் எதுவும் போகாது. மிச்ச வேகம் ரேமினுடையது. எழுதச் சொன்ன தரவை லினக்ஸ் ரேமிலுள்ள பேஜ் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. டிஸ்க்குக்கு அதைப் பிறகுதான் அனுப்புகிறது. ஃபியோ இங்கே தவறாக அளக்கவில்லை. டிஸ்க்கைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டு நாம் ரேமைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கருவியை மதிப்பிட அது தரும் எண்களைப் பார்ப்பதைவிட, நாம் அதற்கு எழுதிக் கொடுக்கும் செட்டிங்குகளைப் பார்ப்பதே சரி.

லினக்ஸ் கெர்னலில் டிஸ்க் பக்கத்து வேலைகளைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய கருவி இது. ஒவ்வொரு சோதனைக்கும் தனி நிரல் எழுதும் தொல்லையைத் தவிர்க்கவே இதைத் தொடங்கினார். எந்த வேலைச்சுமையையும் நடித்துக் காட்டும் திறன் அந்தப் பிறப்பிலிருந்தே வந்தது. கவனிக்காமல் விட்டால் வழுக்கும் இயல்பும் அங்கிருந்துதான் வந்தது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஃபியோ 4 கேபி துண்டுகளாக, பேஜ் கேஷ் வழியாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கை வீதம் வரிசையாக வாசிக்கும். யாருடைய சர்வரும் இப்படி மட்டும் இயங்குவதில்லை. செட்டிங்குகளை எழுதிக் கொடுக்கும் ஜாப் ஃபைலில் 'டைரக்ட்=1' என்ற ஒரு வரியைச் சேர்த்தால் பேஜ் கேஷ் விலகி, டிஸ்க் நேராக நம் முன் வந்து நிற்கும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் 'ஐஓடெப்த்'. ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் டிஸ்க்கிடம் காத்திருக்கலாம் என்பதைச் சொல்லும் எண் அது. 32 என்று எழுதிவிட்டு, கோரிக்கைகளை அனுப்பும் ஐஓ எஞ்சினை மாற்றாமல் விட்டால் லினக்ஸில் 'பிசிங்க்' என்ற எஞ்சின்தான் ஓடும். ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அது அடுத்ததை அனுப்பும் என்பதால் 32 என்ற எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ரிசல்ட்டின் கடைசிப் பகுதியில் 'ஐஓ டெப்த்ஸ்' என்றொரு வரி வரும். அதில் 1-க்கு நேராக 100 சதவீதம் என்றிருந்தால், கேட்ட ஆழம் கிடைக்கவில்லை என்று பொருள். 'லிப்ஏஐஓ' எஞ்சினுக்கு மாறினாலும் 'டைரக்ட்=1' கூடவே வேண்டும்; இல்லாவிட்டால் கோரிக்கைகள் அனுப்பும் இடத்திலேயே நின்றுவிடும். புதிய கெர்னல்களில் ஆக்ஸ்போவே எழுதிய 'ஐஓ யூரிங்' எஞ்சினுக்கு இருக்கிறது. இந்த ஓர் எண் எவ்வளவு மாற்றும் என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு வாசிப்புக்கு 100 மைக்ரோநொடி ஆகும் டிஸ்க், ஒவ்வொன்றாகக் கேட்டால் நொடிக்கு 10,000 கோரிக்கை முடிக்கும். தாமதம் கூடாமல் 32-ஐ ஒருசேரக் கொடுக்க முடிந்தால் அதுவே 3,20,000. டிஸ்க் ஒன்றுதான், பதில் இரண்டு, இரண்டும் உண்மை. உங்கள் மென்பொருள் எப்படிக் கேட்கிறது என்பதுதான் எது உங்களுக்கான பதில் என்று தீர்மானிக்கிறது.

சோதனை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதும் பதிலை மாற்றும். இன்றைய மலிவு எஸ்எஸ்டிகள் முதலில் வரும் தரவை வேகமான எஸ்எல்சி கேஷில் வாங்கிக்கொள்கின்றன. சாம்சங் 870 கியூவிஓவின் 1 டிபி மாடலுக்கு அந்த இடம் அதிகபட்சம் 42 ஜிபி. அது நிறைந்தால் நொடிக்கு 530 எம்பியாக இருந்த வேகம் 80 எம்பிக்கு இறங்கும் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. 1 ஜிபி ஃபைலை வைத்து ஒரு நிமிடம் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு கண்ணில் படாது. 'சைஸ்' பெரிதாகவும், 'டைம் பேஸ்டு' சேர்த்து 'ரன்டைம்' தாராளமாகவும் இருக்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு, 'டிடி' கமாண்ட் போதாதா என்று கேட்பார்கள். பூஜ்ஜியங்களை மட்டும் வரிசையாக எழுதும் வழக்கமான 'டிடி' சோதனை, கம்ப்ரஷன் செய்யும் ஃபைல் சிஸ்டத்தில் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு ஏமாற்றும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: நிஜ மென்பொருள்கள் பேஜ் கேஷைப் பயன்படுத்தும்போது அதை விலக்கி அளப்பது செயற்கை அல்லவா? நியாயமான கேள்வி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாகப் பேஜ் கேஷ் வழியேதான் எழுதுகிறது; ஆனால் ஒவ்வொரு கமிட்டின்போதும் தரவு டிஸ்க்கில் உறுதியாக இறங்கும்வரை காத்திருக்கிறது. அதற்கேற்ற ஜாப் ஃபைலில் 'டைரக்ட்' தேவையில்லை, 'எஃப்டேட்டாசிங்க்=1' தேவை. குபர்னெட்டிஸ் நம்பியிருக்கும் எட்சிடி, இந்தக் காத்திருப்பு 99-ஆவது பெர்சென்டைலில் 10 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. சராசரியை அது கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 10,000 கோரிக்கைகளில் 9,900-க்கு 0.1 மில்லிநொடியும் மீதி 100-க்கு 20 மில்லிநொடியும் ஆனால் சராசரி 0.3 மில்லிநொடிதான் வரும். அந்த 100 கோரிக்கைகளின் காத்திருப்பு சராசரியில் கரைந்துவிடும். ஃபியோ பெர்சென்டைல் அட்டவணையைக் கேட்காமலே தருகிறது. அதன் மிகப் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்.

குறையும் உண்டு. 'ஃபைல்நேம்' என்ற இடத்தில் ஃபைலுக்குப் பதில் முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்து எழுதும் சோதனை ஓட்டினால், அதிலிருந்த தரவு போய்விடும். மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க் என்றால் ஃபியோ மறுத்துவிடும். மவுண்ட் ஆகாததற்கு அந்தக் காவல் இல்லை. வாசிப்பை மட்டும் அளக்கும்போது 'ரீட்ஒன்லி' ஆப்ஷனையும் போட்டுவிடுங்கள். இந்த ஆபத்தையும் கற்கும் சிரமத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், லினக்ஸில் டிஸ்க்கை அளக்க ஃபியோதான் என் தேர்வு. ரிசல்ட்டை யாருக்கு அனுப்பினாலும், அதை எடுத்த ஜாப் ஃபைலையும் கூடவே அனுப்புங்கள்.