மில் புரோக்கருக்கு யார் பொறுப்பு?

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியில் சுவர்களில் அடிக்கடி கண்ணில் படும் நோட்டீஸ் இது: ஸ்பின்னிங் மில்லுக்குப் பெண்கள் தேவை, சாப்பாடு, தங்குமிடம் இலவசம். கீழே ஒரு செல்போன் எண் இருக்கும். மில்லின் பெயர் பல நோட்டீஸ்களில் இருக்காது. அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர்தான் இந்தப் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு வேலைவாய்ப்பு நிறுவனம். ஊரில் மில் புரோக்கர் என்பார்கள்.

அவரை ஒரேயடியாகக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற ஊரில், மழை பொய்த்த மாதத்தில் உடனே ஒரு சம்பளத்துக்கு வழி காட்டுகிறவர் அவர். பத்தாவது முடிக்காத பெண்ணையும் சேர்த்துவிடுவார். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், தெரிந்த முகம். பெண் வீட்டாரிடம் கட்டணமும் கேட்பதில்லை. தலைக்கு இவ்வளவு என்று மில் கமிஷன் கொடுத்துவிடுகிறது.

வேலை தேடுகிறவரிடம் தனியார் முகவர் காசு வாங்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் கொண்டுவந்த 181ஆவது உடன்படிக்கையின் அடிப்படை விதி. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. ஆனாலும் மில் புரோக்கர் அந்த விதிப்படிதான் நடக்கிறார் என்று சொல்லத் தோன்றும். அப்படியிருந்தும் சுமங்கலித் திட்டம் இந்த மாவட்டத்தில் வேர் பிடித்தது. மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் மொத்தமாகக் கிடைக்கும் என்று சொல்லித்தான் பெண்களைச் சேர்த்தார்கள். அந்தப் பணம் மாதாமாதம் அவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலிதான். உடம்பு முடியாமல் இடையில் வீடு திரும்பிய பலருக்கு அதுவும் கைக்கு வரவில்லை.

காசு வாங்காத ஆளால் இந்தக் கேடு எப்படி வந்தது? மில் வாசலில் ஆளைக் கொண்டுவிட்டதும் புரோக்கருக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதில் அவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், பஞ்சுத் தூசி, ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாத ஞாயிற்றுக்கிழமை, இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் அவர் கமிஷன்தான் போகும். சில இடங்களில் அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு கணக்கு தீரும்வரை பெண் வெளியேற முடியாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்துவைப்பது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பது வாங்கிய குடும்பத்துக்குத் தெரியாது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற வேண்டும், வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், 30,000 ரூபாய்க்கும் ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக் கூடாது. அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவை யாரும் சரிபார்க்கலாம். இதை மீறி மோசடி நடக்கத்தான் செய்கிறது. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். ஆனாலும் சட்டம் இருப்பதால் யார்மேல் புகார் கொடுப்பது என்பதாவது தெரிகிறது. சவூதிக்கு அனுப்புகிறவருக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு, நத்தத்திலிருந்து வடமதுரைக்கு அனுப்புகிறவருக்கு இல்லை.

2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் ஆடை நிறுவனமும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் பெரிய முன்னேற்றம். ஆனால் அதன் கவனமெல்லாம் ஆலைக்குள் பெண்களுக்கு நேரும் வன்முறைமேல். புரோக்கரின் வேலை கேட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. சத்தீஸ்கர் 2013இலேயே தனியார் வேலைவாய்ப்பு முகவர்களுக்கென்று சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் கொண்டுவர வேண்டும். புரோக்கர் சொன்ன வார்த்தைக்கு மில்லையும் அதில் பொறுப்பாக்க வேண்டும். கமிஷன் கொடுப்பது மில் என்றால் அவர் மில்லின் ஆள்தான்.

சட்டம் வரும்வரை, பெண்ணை வண்டி ஏற்றுமுன் மில்லின் பெயர், மாதச் சம்பளம், பிடித்தம், விடுமுறை நான்கையும் புரோக்கரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அனுப்பாதீர்கள்.