'சக்சஸ்' என்று திரை சொன்ன பிறகு

கியர் பெட்டியை இறக்கி, கிளட்ச் பிளேட்டை மாற்றி, மறுபடி ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது மிதி உள்ள வண்டியின் நியாயம். கேபிளைக் கொஞ்சம் இறுக்கி, காலால் அமுக்கி, எங்கே பிடிக்கிறது என்று பார்த்தால் போதும். மீதியை ஓட்டுபவரின் இடது கால் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளும். கிளட்ச் மிதி இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வண்டியில் அந்தக் காலுக்கு வேலை இல்லை. அதன் இடத்தில் ஓர் ஆக்சுவேட்டரும் அதை ஆளும் கணினியும் உட்கார்ந்திருக்கின்றன. பழைய பிளேட் எங்கே பிடித்தது என்பது கணினியின் நினைவில் இருக்கிறது, பிளேட்டோ புதிது. இந்த முரணைத் தீர்த்துவைப்பதாகச் சொல்லித்தான் ஸ்கேனர் மென்பொருள் பட்டறைக்குள் வருகிறது. அது எதைத் தீர்க்கிறது, எதைத் தீர்த்ததாகக் காட்டிக்கொள்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் சாதனை. கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடத்தை, பட்டறை மொழியில் 'கிஸ் பாயின்ட்'டை, கற்பிக்கும் முறை அழகானது. எஞ்சின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது. கணினி கிளட்ச்சை முழுதும் விடுவித்துவிட்டு, மெல்ல மெல்ல நெருங்கவிடுகிறது. நின்றிருந்த இன்புட் ஷாஃப்ட் சுழலத் தொடங்குகிற கணத்தில் ஆக்சுவேட்டர் எந்த நிலையில் நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்கிறது. ஊகமோ 'எனக்குத் தோணுது'வோ இதில் கிடையாது. எங்கள் ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு ஊர். மாவின் பதத்தை விரலே சொல்லிவிடும். தொட்டறிகிற திறனை இங்கே யாரும் குறைவாகப் பேச முடியாது. ஆனால் தொடுவதற்கு மிதியே இல்லாத வண்டியில் அந்தத் திறனுக்கு நுழைவாயில் இல்லை. அதைத் திறந்துவிட்டதே மென்பொருளின் பெருமை. பழைய எண்ணை அழிக்காமல், கற்பிக்காமல் வண்டியை வெளியே விட்டால் முதல் கியரில் உதறும், அல்லது கியர் விழ மறுக்கும். 'புது பிளேட்டும் சரியில்லை' என்று பெட்டியை இரண்டாம் முறை இறக்குவார்கள். அந்த வீண் கூலியைத் தடுப்பது சின்ன உதவியல்ல.

இனிக் குறை. சென்ற ஐப்பசியில் இங்குள்ள ஒரு பட்டறையில் என் கண்முன் நடந்ததை வைத்தே சொல்கிறேன். சின்ன கார். மோட்டார் ஆக்சுவேட்டர் ஆயிலைத் தள்ள, அந்த ஆயில் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் வகை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகி, பையன் கற்பித்தலை ஓட்டினான். திரையில் பச்சை எழுத்தில் 'சக்சஸ்'. பட்டறைப் பெரியவர் எண்ணை மட்டும் பார்த்தார்.

"கண்ணு, இன்னொருக்கா ஓட்டு."

"ஓகேன்னு காட்டீருச்சுங்கண்ணா."

"காட்டட்டும். நீ ஓட்டு."

மறுபடியும் 'சக்சஸ்'தான். எண் மட்டும் கண்ணில் படுகிற அளவு தள்ளி நின்றது. "லைன்ல காத்து நிக்குது" என்றார். காற்றை எடுத்த பிறகு ஓட்டிய இரண்டு முறையும் எண்கள் ஒட்டிப் போயின.

இந்த மென்பொருளின் வலுவும் வறுமையும் அந்தப் பத்து நிமிடத்தில் முழுதாகத் தெரிந்தன. அது அளப்பது ஆக்சுவேட்டர் நகர்ந்த தூரத்தை. பிளேட் நகர்ந்த தூரத்தை அல்ல. நடுவே காற்று நின்றால் இரண்டும் ஒன்றல்ல. சான்றைக் கொடுத்தது மென்பொருள்தான், அதில் சந்தேகமில்லை. அடுத்தடுத்த இரு அளவுகளை ஒப்பிட்டு முரணைச் சொல்லும் எளிய தர்க்கம் அதற்குள் இல்லை. செயல்முறை கடைசி வரி வரை ஓடியது என்பதை, கிளட்ச் சரியாக இருக்கிறது என்று படிக்கும்படி ஒரே சொல்லில் எழுதியது அதன் ஆகப் பெரிய பிழை. பிளைவீலில் வெப்பத்தால் விழுந்த நீலத் திட்டையும், சீல் கசிந்து பிளேட்டில் ஏறிய எண்ணெயையும் அது பார்க்காது. பார்க்கும் என்று யாரும் கேட்கவுமில்லை. ஆனால் தேய்மானச் சதவீதம் என்று ஒன்றைக் காட்டுகிறதே, அதுவும் பிளேட்டை அளந்து வந்ததல்ல, பெரும்பாலும் கிளட்ச் மூடி நிற்கும் நிலையிலிருந்து ஊகித்ததுதான். பொத்தானை அழுத்தினால் பழைய பிளேட்டும் திரையில் புதிதாகிவிடும். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பல நிறுவன வண்டிகளுக்கும் பொதுவான ஸ்கேனர்களில் இன்னொரு கோளாறு, மெனுவின் ஒழுங்கின்மை. 'ரீசெட்', 'அடாப்டேஷன்', 'லேர்னிங்' மூன்றும் அண்ணன் தம்பிபோல் வரிசையில் நிற்கும். எது முதலில், எது எப்போது, பேட்டரி வோல்ட் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு விளக்கம் இராது. அது நிறுவனத்தின் கையேட்டில் இருக்கிறது. கையேடு நிறுவனத்திடம் இருக்கிறது.

இந்தப் பூட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ வந்து, ஏ.எம்.டி.யை நம் ஊர்க் குடும்பங்களின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மாருதியும் அந்தப் பதினான்கில் ஒன்று. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலையும் திறந்தது. ஸ்கேனர் செருகும் ஓ.பி.டி. முனை எல்லா வண்டிக்கும் பொது. ஆனால் அந்தப் பொதுமை புகை சம்பந்தப்பட்ட குறியீடுகளுக்காக வகுக்கப்பட்டது. கிளட்ச் கற்பித்தல் அதற்குள் வராது. ஆகவே சில நூறு ரூபாய் புளூடூத் கருவி எஞ்சின் விளக்கு ஏன் எரிகிறது என்று சொல்லும், கிளட்ச்சைப் பற்றி வாய் திறக்காது.

என் தீர்ப்பு இது. அளவுகருவியாக இந்த மென்பொருள் முதல் தரம். இது இல்லாமல் ஏ.எம்.டி. கிளட்ச் மாற்றுவது அரை வேலை. அளந்ததை எடுத்துச் சொல்லும் உரையாக நடுத்தரத்துக்கும் கீழே. வேலை சரியா தவறா என்று சொல்லும் நீதிபதியாக அதை ஏற்க முடியாது. கழற்றுமுன் இருந்த எண்ணைக் குறிக்காமல் ரீசெட் செய்யும் பட்டறையையும், ஒரே ஓட்டத்தோடு சாவியைக் கொடுக்கும் பட்டறையையும் அதே கண்டிப்போடுதான் மதிப்பிட வேண்டும்.

அந்தப் பெரியவர் பில்லின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பழைய எண்ணையும், ஒட்டிப்போன இரண்டு புது எண்களையும் எழுதி, கீழே கிலோமீட்டரையும் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்று எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தரும் ஸ்கேனரை நான் இன்னும் பார்க்கவில்லை.