ஏணிக் கணக்கும் ஆங்கி செயலியும்

ப்ளஸ் டூ கணக்குக்கு ஆங்கி உதவுமா? நன்றாகவே உதவும், முழுக் கணக்கையும் அதன் கேள்வி-விடை அட்டையில் ஏற்றாதவரை. கோச்சடையில் என் அக்கா மகள் தமிழ்வழியில் பொதுத்தேர்வுக்குத் தயாராகிறாள். அவள் அப்பாவின் போனில் இதைப் போட்டு, இருவருமாகப் பயன்படுத்திப் பார்த்தோம்.

டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்ட மென்பொருள் இது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் விலை உண்டு. இதே பெயரில் வேறு செயலிகளும் இருப்பதால் ஆண்ட்ராய்டில் ‘ஆங்கிடிராய்டு’ என்று தேடுங்கள். கேள்வியைப் பார்த்து, விடையை மனதுக்குள் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்ப வேண்டும். பிறகு மறந்துவிட்டது, சிரமம், சரி, சுலபம் என்ற நான்கில் ஒன்றை அழுத்த வேண்டும். தெரிந்தது நாள் தள்ளி வரும். மறந்தது உடனே திரும்பும். மறந்ததற்குக் கூச்சப்பட்டு ‘சிரமம்’ என்று அழுத்தினால் செயலியின் கணிப்பு கெட்டுவிடும். 2023-ல் சேர்ந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ். முறை நம் பதில்களைக் கொண்டே நம் மறதியை அளந்து இடைவெளி வைக்கிறது. அமைப்புகளில் அதை மறக்காமல் இயக்குங்கள்.

90 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் 20. அங்கே ஆங்கி பிரமாதம். நீள்வட்டத்தின் மையத்தொலைத்தகவு, செவ்வகல நீளம், திசையிலி முப்பெருக்கம் பூச்சியமானால் வெக்டர்கள் எப்படி அமையும் என்பதெல்லாம் மேலக்கால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஒரு சுற்று வந்துவிடும். நெட் வேண்டியதில்லை.

ஐந்து மதிப்பெண் வினாவில்தான் சிக்கல். “மாமா, ஃபார்முலா எல்லாம் தெரியுது. எந்தக் கணக்குல எதைப் போடணும்னுதான் தெரியல” என்றாள். பாடநூலில் உள்ள ஏணிக் கணக்கை எடுத்துக்கொண்டோம். சுவரில் சாய்ந்த 17 மீட்டர் ஏணியின் அடியை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இழுக்கிறார்கள். அடி சுவரிலிருந்து 8 மீட்டரில் இருக்கும்போது மேல்முனை எவ்வளவு வேகமாக இறங்கும்? இதை அப்படியே அட்டையாக்கினால், நாலைந்து முறை வந்ததும் 8/3 என்ற விடை நாக்கில் நிற்கும். ஏணியை 13 மீட்டராக மாற்றிக் கொடுத்தால் கை ஓடாது.

அதனால் முன்பக்கம் இவ்வளவுதான்: “ஏணி நழுவுகிறது. முதல் வரி என்ன?” பின்பக்கம்: “பிதாகரஸ் சமன்பாட்டை எழுது. காலத்தைப் பொறுத்து வகையிடு. எண்களை அதன்பிறகு பிரதியிடு.” எண்களை முதலிலேயே பிரதியிட்டு, வகையிட எதுவுமில்லாமல் மார்க்கை விடும் பிள்ளைகள் ஏராளம். அந்த ஒரு முடிவை நினைவில் வைக்க அட்டை போதும். மீதியைத் தாளில் பேனா பிடித்துப் போட்டுத்தான் பழக வேண்டும். எந்தச் செயலியும் அதைச் செய்து தராது.

குறையும் உண்டு. தொகையீட்டுக் குறி, பின்னம், அடுக்கு எல்லாவற்றையும் போனில் குறியீடுகளாகத் தட்டச்சு செய்வது பெரும்பாடு. நோட்டில் எழுதிப் படமெடுத்துச் சேர்ப்பதே வேகமான வழி. தமிழ்வழிக் கணக்குக்குத் தயார் அட்டைகள் தேடியும் என் கண்ணில் படவில்லை. அதைப் பெரிய நஷ்டமாக நான் நினைக்கவில்லை. காலாண்டுத் தாள் கைக்கு வந்ததும், மார்க் போன ஒவ்வொரு இடத்தையும் அவளே ஒரு கேள்வியாக எழுதினாள். மற்றவர் செய்த எந்தத் தொகுப்பும் அவள் தடுமாறும் இடத்தை அவ்வளவு சரியாகத் தொடாது.

தினம் 20 புது அட்டை என்று செயலி தொடங்கும். மற்ற பாடங்களும் இருக்கின்றன, பத்தாகக் குறையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் புது அட்டையே வேண்டாம்.