கரிசல் கடைக்கு ஒரு மாதிரித் தரவுத்தளம்

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பண்டம், இன்று இணையத்தில் ஆர்டர் பெற்றுப் பார்சலாகவும் வெளியூர் போகிறது. அப்படி விற்கும் கடைக்குக் கணக்கு நோட்டு என்பது ஒரு தரவுத்தளம்தான். கடைசிப் பெட்டியை ஒரே நொடியில் இரண்டு பேர் வாங்கினால் யாருக்குக் கொடுப்பது? திரும்பி வந்த பார்சலை எங்கே எழுதுவது? போன தீபாவளிக்கு வாங்கியவர் மறுபடி வாங்கினாரா? இவற்றுக்கு எஸ்க்யூஎல்லில் விடை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் படித்து வரும் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. நேஷனல் பொறியியல் கல்லூரி 1984-இல் கோவில்பட்டியில் தொடங்கியது. இந்தியக் கல்லூரிகளில் தரவுத்தளப் பாடத்துக்குப் பரவலாகப் படிக்கப்படும் நூல், சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரும் எழுதிய ‘டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்’. மூவரில் சுதர்சன் ஐஐடி பம்பாய்ப் பேராசிரியர். 1970-இல் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறை மாதிரியிலிருந்து பரிவர்த்தனைகள் வரை அந்நூலில் தெளிவாகக் கற்கலாம். ஆனால் அதன் எடுத்துக்காட்டுகள் ஆசிரியர், மாணவர், துறை, பாடம் என்று பல்கலைக்கழகத்தைச் சுற்றியவை. கடையில் விலை மாறும், ஆர்டர் ரத்தாகும், ஒரே பில்லுக்குப் பணம் இரண்டு வழியில் வரும். அதற்கான பயிற்சியை வேறு இடங்களில் தேட வேண்டும்.

தொடங்க ஏற்றது மைக்ரோசாஃப்ட்டின் ‘நார்த்விண்ட்’. உணவுப் பொருள் விற்கும் ஒரு கற்பனை நிறுவனத்தின் தரவுத்தளம் அது. பொருள் அட்டவணையில் விலை இருக்கும்போதே, ஆர்டர் விவர அட்டவணையிலும் விலை தனியாக எழுதப்பட்டிருக்கும். விற்ற அன்றைய விலை பின்னால் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது இதன் அருமை தெரிந்திருக்கும். வரி விகிதத்தைப் பொருளோடு மட்டும் வைத்திருந்த கடையில், புது விகிதத்தை ஏற்றியதும் பழைய பில்களின் கணக்கும் சேர்ந்து மாறிப்போகும்.

அடுத்து வேண்டியது அழுக்குள்ள தரவு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வின் வளாகம் பராமரிக்கும் ‘ஆன்லைன் ரீட்டெயில்’ தொகுப்பு, பிரிட்டனில் இணையவழிப் பரிசுப் பொருள் விற்ற ஒரு கடையின் உண்மையான கணக்கு. 2010 டிசம்பர் முதல் 2011 டிசம்பர் வரை 5,41,909 வரிகள். அவற்றில் ஏறத்தாழ கால்வாசியில் வாடிக்கையாளர் எண்ணே கிடையாது. ரத்தான பில்களின் எண் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். அளவு கழித்தல் குறியோடு நிற்கும். இதைக் கவனிக்காமல் எண்ணிக்கை எடுத்தால், நடக்காத விற்பனையும் ஆர்டராகக் கணக்கில் ஏறும்.

இவை எல்லாவற்றிலும் வளமானது பிரேசிலின் ‘ஓலிஸ்ட்’ நிறுவனம் பொதுவில் வெளியிட்ட தொகுப்பு. 2016 முதல் 2018 வரையிலான சுமார் 1 லட்சம் ஆர்டர்கள் அதில் உள்ளன. அதில் இரண்டு பாடங்கள் பொதிந்திருக்கின்றன. ஒன்று, வாடிக்கையாளர் எண் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக வரும். ஆளை அடையாளம் காட்டுவது வேறொரு பத்தி. முதல் எண்ணை நம்பி எண்ணினால், மறுபடி வாங்கியவர் ஒருவர்கூட இல்லை என்று விடை வரும். இரண்டு, ஒரே ஆர்டருக்குப் பல பொருள் வரிகளும் பல கட்டண வரிகளும் இருக்கலாம். ஆர்டர், பொருள், கட்டணம் என்ற மூன்று அட்டவணைகளையும் நேரடியாக ஜாயின் செய்தால் தொகை பெருகிவிடும். ஒவ்வொன்றையும் ஆர்டர்வாரியாகத் தனியே கூட்டிக்கொண்டு பிறகு இணைப்பதே சரி.

கடைசிப் பெட்டிச் சிக்கலுக்கு, 1992-இல் வந்த டிபிசி-சி அளவுகோலைப் படிக்கலாம். ஒன்பது அட்டவணைகள், ஐந்து வகைப் பரிவர்த்தனைகள் கொண்டது அது. புது ஆர்டர்களில் 1 சதவீதம் வேண்டுமென்றே பாதியில் ரத்தாகும்படி அதன் விதியே அமைந்திருக்கிறது. நம் கடைக்கு எழுதும்போது, கையிருப்பைப் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு குறைக்கக் கூடாது. ‘இருப்பு போதுமானால் குறை’ என்று ஒரே அப்டேட் கட்டளையில் எழுத வேண்டும். குறையாவிட்டால் பரிவர்த்தனை முழுவதையும் திரும்பப் பெற வேண்டும்.

நூல்களில் இரண்டு போதும். பில் கார்வினின் ‘எஸ்க்யூஎல் ஆன்டிபேட்டர்ன்ஸ்’, பணத்தை ஃப்ளோட்டில் சேமிப்பது, ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டுப் பல எண்களை அடைப்பது போன்ற வழக்கமான தவறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. வேகத்துக்கு மார்க்கஸ் வினான்ட் எழுதிய ‘எஸ்க்யூஎல் பெர்ஃபார்மன்ஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்’. முழுக்க இண்டெக்ஸைப் பற்றிய நூல்.

தமிழிலேயே தொடங்க விரும்புவோருக்கு து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இருக்கிறது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ்வழி வந்த நூல், இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் முகவரி எழுதுவோர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான எழுத்துக் குறியாக்கம் 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூடிஎஃப்8எம்பி4 ஆனது. அதற்கு முந்தைய பதிப்பில் அமைப்பை மாற்றாமல் விட்டால், எட்டயபுரம் என்ற ஊர்ப்பெயர் கேள்விக்குறிகளாக நின்றுவிடக்கூடும்.

இத்தனை இருந்தும், நம் ஊர்க் கடையின் மாதிரி ஒன்று இந்த வரிசையில் இல்லை. கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்துத் திரும்பும் பார்சல், ஒரே பின்கோடுக்குள் பல கிராமங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எழுதிய முகவரி, தீபாவளி வாரத்தில் குவியும் ஆர்டர், மாநிலத்துக்குள் ஒரு விதமாகவும் வெளியே வேறு விதமாகவும் பிரியும் ஜிஎஸ்டி ஆகியவை நார்த்விண்டிலும் கிடைக்காது, ஓலிஸ்ட்டிலும் கிடைக்காது. இதை ஒரு கல்லூரி வகுப்பு ஒரு பருவத்தில் உருவாக்கிவிடலாம். நிஜமான ஆட்களின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் வரவே கூடாது. தனிநபர் தரவுக்கு 2023-இலேயே சட்டம் வந்துவிட்டது. கடலைமிட்டாயும் விளாத்திகுளம் வத்தலும் கம்பும் விற்கும் கற்பனைக் கடை ஒன்று, பத்துப் பன்னிரண்டு அட்டவணைகள், வேண்டுமென்றே விதைத்த பிழைகள், அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஐம்பது கேள்விகள். கணியம் நூல்களைப் போலப் பகிர்வு உரிமத்தில் வெளியிட்டால், சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் உள்ள ஆசிரியர்கள் அதை அடுத்த பருவத்திலேயே வகுப்புக்கு எடுத்துப்போகலாம்.