புழங்குபொருளும் சரக்கும்: சுபோத் குப்தாவின் பாத்திரச் சிற்பங்கள்

ஆய்வுச்சுருக்கம்

அன்றாடப் பொருள்களைக் கொண்டு சிற்பம் படைக்கும் இந்தியக் கலைஞருள் சுபோத் குப்தா உலக அளவில் அறியப்பட்டவர். அவருடைய எவர்சில்வர் பாத்திரச் சிற்பங்கள் இந்திய அன்றாட வாழ்வின் குறியீடுகளாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அச்சிற்பங்களில் இடம்பெறுபவை எவரும் புழங்காத புதுப் பாத்திரங்கள் என்னும் எளிய உண்மையை முன்வைத்து அவ்வாசிப்பை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: சுபோத் குப்தா, புழங்குபொருள், ஆயத்தப்பொருள், நிறுவுகலை, எவர்சில்வர், பசி

முன்னுரை

‘புழங்குபொருள் பண்பாடு’ என்பது தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் நிலைபெற்ற கலைச்சொல். ஒரு பொருளுக்குப் பண்பாட்டு மதிப்பைத் தருவது அதன் வடிவமோ மூலப்பொருளோ மட்டுமன்று, அது மனிதர் கையில் புழங்கியது என்பதே எனும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. கடையில் அடுக்கப்பட்ட குடமும் பத்தாண்டுகள் இடுப்பில் ஏறி இறங்கிய குடமும் வடிவால் ஒன்றே. எனினும் வழக்காற்றியல் ஆய்வாளர் அவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை. முன்னது சரக்கு, பின்னதே புழங்குபொருள்.

தற்காலக் கலைவிமரிசனம் ‘அன்றாடப் பொருள்’ என்று பேசும்போது இவ்வேறுபாட்டைப் பெரிதும் கருத்தில் கொள்வதில்லை. குப்தாவைப் பற்றிய எழுத்துகளில் இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. அவர் பயன்படுத்துவது இந்திய வீடுகளின் பாத்திரம். ஆகவே அவர் சிற்பம் இந்திய வீட்டைப் பேசுகிறது என்பதே அவ்வெழுத்துகளின் பொதுவான தருக்கம். இத்தருக்கத்தின் முதற்கூற்றே ஐயத்திற்குரியது என்பது இக்கட்டுரையின் வாதம். கட்டுரையின் எல்லை ஒன்றையும் இங்கேயே சுட்டிவிடுதல் தகும். இங்கு ஆராயப்படும் படைப்புகள் ஒளிப்படங்கள், காணொளிகள் வழியாகவே அணுகப்பட்டுள்ளன. பளபளக்கும் பரப்புகளை ஒளிப்படம் மேலும் பளபளக்கச் செய்யும் என்பதை நினைவில் கொண்டே பின்வரும் கருத்துகள் கூறப்படுகின்றன.

சாணமும் மணையும்

1964-இல் பீகார் மாநிலத்தில் பாட்னாவை அடுத்த ககௌல் என்னும் இரயில்வே ஊரில் பிறந்தவர் குப்தா. தந்தை இரயில்வே கார்டு. குப்தாவின் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். இளமையில் சில ஆண்டுகள் நாடகக் குழுவொன்றில் நடித்த குப்தா, 1983 முதல் 1988 வரை பாட்னாவின் கலை மற்றும் கைவினைக் கல்லூரியில் ஓவியம் பயின்றார். ‘பாத்திரம்’ என்னும் சொல் கலத்தையும் நாடக மாந்தரையும் ஒருங்கே குறிப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழி வழியாக இந்தியிலும் அவ்வாறே வழங்குகிறது. நடிகராகத் தொடங்கியவர் பாத்திரங்களிடம் வந்து சேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அவருடைய பாத்திரங்கள் ஏதேனும் ஒரு வேடம் புனைந்தே நம்முன் நிற்கின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

எவர்சில்வருக்கு முந்திய குப்தாவை விமரிசகர்கள் பலர் முன்னுரையாக மட்டும் குறிப்பிட்டுக் கடந்துவிடுகின்றனர். இது முறையன்று. 1996-இல் அவர் படைத்த ‘29 காலைகள்’ அமர்ந்து உண்ணப் பயன்படும் தாழ்ந்த மரமணைகளைக் கொண்டது. 1997-இல் மோதிநகரில் நடைபெற்ற கோஜ் கலைப்பட்டறையில் ‘என் தாயும் நானும்’ என்னும் படைப்பை உருவாக்கினார். வறட்டிகளை அடுக்கி எழுப்பிய, ஆள் உள்ளே நுழையத்தக்க வட்டக் கட்டமைப்பு அது. அதனைத் தொடர்ந்த ‘தூய்மை’ என்னும் படைப்பில் சாணத்தைத் தம் உடலிலேயே பூசிக்கொண்டார்.

இம்மூன்றிலும் பொருளின் மீது உடலின் தடம் உண்டு. வறட்டி என்பது தட்டியவரின் கைவிரல் பதிந்த பொருள். விரல் பதியாத வறட்டி இல்லை. மணை உட்கார்ந்தே தேய்வது. தாய் என்று தலைப்பில் சொல்லப்படும்போது அச்சொல்லுக்கு உரிய சான்று வறட்டியின் பரப்பிலேயே இருக்கிறது. பார்வையாளர் அதனைக் குறியீடாகக் கொள்ள வேண்டிய தேவை இல்லை.

எவர்சில்வரின் வருகை

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து குப்தாவின் அடையாளமாக எவர்சில்வர் நிலைபெற்றது. தட்டு, தம்ளர், தூக்கு, வாளி, அடுக்குச் சம்புடம் ஆகியன ஆயிரக்கணக்கில் திரண்டு பெருவடிவங்களாயின. மேலை இதழியல் அவரைத் ‘தில்லியின் டேமியன் ஹர்ஸ்ட்’ என அழைத்ததும் இக்காலத்தில்தான். ஒரு கலைஞரை மற்றொருவரின் வட்டாரப் பதிப்பாக அறிமுகப்படுத்தும் இத்தகைய அடைமொழிகள் விமரிசனமாகா. விலைப்பட்டியலின் மொழி அது.

அவரைத் துஷானோடு இணைத்துப் பேசுவது மற்றொரு வழக்கம். குப்தாவே ‘நீயுமா, துஷான்?’ என்னும் தலைப்பில் 2009-இல் ஒரு வெண்கலச் சிற்பம் படைத்திருப்பதால் இவ்விணைப்புக்கு அடிப்படை உண்டு. ஆயினும் துஷான் 1914-இல் புட்டி உலர்த்தும் சட்டம் ஒன்றையும், 1917-இல் சிறுநீர்க் கலம் ஒன்றையும் தேர்ந்தெடுத்தபோது, ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுத்தார். ஆயத்தப்பொருளின் ஆற்றல் அவ்வொருமையில் இருந்தது. குப்தா செய்வது தேர்வன்று, திரட்டல். அவ்வகையில் அவருக்கு நெருங்கிய முன்னோடி, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரே வகைப் பொருள்களைப் பெட்டிகளில் குவித்துக் காட்டிய பிரெஞ்சுக் கலைஞர் ஆர்மான் ஆவார். ‘இனிய இல்லம்’ என்னும் தலைப்பில் ஆர்மான் குவித்தவை நச்சுவாயு முகமூடிகள். ஒவ்வொரு முகமூடியும் ஒரு முகத்தின் இன்மையைச் சுட்டுவதால் அங்கு எண்ணிக்கையே பொருளாகிறது. குப்தாவின் திரளில் எண்ணிக்கை எதனைச் சுட்டுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் வீடுகளில் எவர்சில்வர் எவ்வாறு புழங்குபொருளாகிறது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். திருமணத்திற்கோ புதுமனை புகுவிழாவிற்கோ வாங்கப்படும் பாத்திரத்தில், கடையிலேயே சிறு பொறியைக் கொண்டு பெயர் வெட்டித் தருவர். இவ்வழக்கம் வடநாட்டிலும் உண்டு. கொடுத்தவர் பெயர், பெறுபவர் பெயர், சில வேளைகளில் நாள் ஆகியன விளிம்பருகே புள்ளிகளாகப் பதியும். அக்கணத்தில் சரக்கு, உறவுக்குள் நுழைகிறது. பின்னர் வரும் நெளிவும் கீறலும் அடிப்பிடித்த கருமையும் அதன் தொடர்ச்சியே. குப்தாவின் எவர்சில்வரில் பெயரும் இல்லை, நெளிவும் இல்லை. கடையின் மினுக்கு அவற்றில் அப்படியே இருக்கிறது. எனவே அவை இந்திய வீட்டிலிருந்து வந்தவை அல்ல, வீட்டிற்குச் செல்லும் வழியில் திசை மாற்றப்பட்டவை என்பதே பொருத்தம்.

பெரும்பசிக் கடவுள்

இவ்வாறு சொல்வதனால் அச்சிற்பங்கள் அனைத்தும் தோல்வி என்று முடிவுகட்டிவிட இயலாது. புதுமையே பொருளாக மாறிய ஒரு படைப்பு உண்டு. 2006-இல் பாரிசு நகரின் ‘வெள்ளை இரவு’ விழாவிற்காகப் புனித பெர்னார் தேவாலயத்தில் வைக்கப்பட்ட ‘பெரும்பசிக் கடவுள்’ அது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள, முற்றிலும் எவர்சில்வர்ப் பாத்திரங்களாலான மண்டையோடு. வீடற்றோர்க்குப் பன்றியிறைச்சி சேர்த்த சூப்பை வழங்கி, அதன்வழி இசுலாமியரை விலக்கிய தீவிர வலதுசாரிக் குழுக்களைப் பற்றிய செய்தியே இப்படைப்பின் தூண்டுதல் என்பது குப்தாவின் விளக்கம். தேவாலயத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1996 ஆகஸ்டில் உரிய ஆவணங்களின்றிக் குடியேறிய மக்கள் இங்கு அடைக்கலம் புகுந்திருந்தபோது, காவல்துறை கதவை உடைத்து அவர்களை வெளியேற்றியது.

உணவு இருக்கிறது, ஆனால் உனக்கில்லை என்பதே அச்சூப்பின் அரசியல். சோறு ஒருமுறையும் விழாத பாத்திரம் அவ்வரசியலுக்கு மிகப் பொருத்தமான வடிவம். இங்குப் பாத்திரங்களின் மினுக்கு அழகுக்காக வந்ததன்று. அவை புழங்கப்படாதவை என்பதன் சான்று. மண்டையோட்டின் கண்குழிகளும் வாயும் காலியாக இருப்பதும், அதனை ஆக்கிய ஒவ்வொரு கலமும் காலியாக இருப்பதும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தமிழ் வாசகருக்கு இங்கு மணிமேகலையின் அமுதசுரபி நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும் ஒப்புமை நெடுந்தூரம் செல்லாது. அமுதசுரபி ஒற்றைக் கலம். ஒருவர் கையில் இருப்பது. இடுவோரும் ஏற்போரும் இன்றி அதற்குப் பொருளில்லை. குப்தாவின் கலங்களை ஏந்தக் கைகளே இல்லை.

அடுத்த ஆண்டே அம்மண்டையோடு வெனிசு நகரின் பெருங்கால்வாய்க் கரையில், பெருஞ்செல்வரான பிரான்சுவா பினோவின் பலாத்சோ கிராசி மாளிகை முன் காட்சிக்கு வைக்கப்பட்டது. பொருள் அதே, அளவும் அதே. ஆனால் பாரிசில் பசியைச் சுட்டிய வெறுமை, வெனிசில் நீரொளியில் மின்னும் செல்வமாக மாறிவிட்டது. படைப்பின் பொருள் இத்தனை எளிதில் கைமாறியதற்குக் காரணம் இடம் மட்டுமன்று. பெயர் பொறிக்கப்படாத பாத்திரத்தை எவரும் தமதாக்கிக்கொள்ளலாம். சரக்கின் இயல்பு அது.

கட்டுப்பாட்டுக் கோடு

2008-இல் உருவாகி, மறு ஆண்டு இலண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் முவ்வாண்டுக் காட்சியில் இடம்பெற்ற ‘கட்டுப்பாட்டுக் கோடு’ குப்தாவின் படைப்புகளுள் மிகுதியாகப் பேசப்பட்ட ஒன்று. உயரமும் அகலமும் ஏறத்தாழப் பத்து மீட்டர். அணுகுண்டு வெடிப்பின் காளான் மேகத்தைப் பாத்திரங்களால் எழுப்பிய இப்படைப்பின் தலைப்பு காசுமீரத்தின் எல்லைக்கோட்டைக் குறிப்பது. போர் சமையலறைக்குள் வந்து வெடிக்கும், அல்லது சமையலறையே விண்ணில் தூக்கி எறியப்படும் என்றவாறு இது விளக்கப்படுகிறது.

இவ்விளக்கத்தை இக்கட்டுரையாளரால் ஏற்க இயலவில்லை. அணுகுண்டு அழித்த பாத்திரம் எவ்வாறிருக்கும் என்பதற்குச் சான்று உலகில் இருக்கிறது. இரோசிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் பள்ளி மாணவன் ஒருவனின் உணவுப்பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நெளிந்த பெட்டிக்குள் அவன் உண்ணாத மதிய உணவு கரியாக உறைந்திருக்கிறது. அவனுடைய தாய் அவனை அடையாளம் கண்டது அப்பெட்டியைக் கொண்டே. அது ஒரே ஒரு பாத்திரம்; அதற்கு உரியவன் உண்டு; அதனைக் கட்டிக்கொடுத்த கை உண்டு. அதன் முன் நிற்போர்க்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

அதனோடு ஒப்பிடுகையில் ‘கட்டுப்பாட்டுக் கோட்டின்’ பாத்திரங்களுக்கு இழப்பதற்கு ஏதுமில்லை. எவரும் உண்ணாத கலம் சிதறுவதால் எந்த வீடும் சிதறுவதில்லை. ‘பெரும்பசிக் கடவுளுக்கு’ வலிமை தந்த அதே புழங்காமை இங்குப் படைப்பைக் கைவிட்டுவிடுகிறது. அச்சிற்பம் அச்சுறுத்துவது உண்மை. ஆனால் அச்சுறுத்துவது அதன் அளவு. இருபத்தாறு டன் எடையை அண்ணாந்து பார்க்கும் உடலின் அச்சம் அது.

பின்னர் இச்சிற்பத்தைக் கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் பெற்று, தில்லி சாகேத் பகுதியில் தான் இயங்கிய வணிக வளாகத்தில் நிறுவியது. பாத்திரங்கள் இறுதியில் கடைகளுக்கு நடுவே வந்து நின்றன. இதனை நகைமுரண் என்று சொல்லத் தோன்றும். அவை இருந்த இடத்திற்கே திரும்பின என்பது இன்னும் துல்லியம்.

பழைய அலுமினியம்

குப்தாவும் இச்சிக்கலை உணர்ந்திருக்க வேண்டும் என்று எண்ண இடமுண்டு. 2012-இல் முதலாம் கொச்சி–முசிறி பினாலேயில் அவர் வைத்தது எவர்சில்வர் அன்று. இருபது மீட்டருக்கும் மேல் நீண்ட கேரளப் படகு ஒன்றில் நாற்காலி, கட்டில், மீன்வலை, பழைய வானொலி, சமையற்பாத்திரம், பெட்டி, மிதிவண்டி எனக் குடும்பமொன்றின் உடைமைகள் முழுதும் ஏற்றப்பட்டிருந்தன. ‘நதியில் இல்லாத எது கலத்தில் இருக்கிறது’ என்பது தலைப்பு. பாத்திரத்தையும் மரக்கலத்தையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆங்கிலச் சிலேடை, தமிழில் ‘கலம்’ என்னும் சொல்லில் இழப்பின்றி அமைகிறது. ஒரே வகைப் பொருளின் திரளாக இல்லாமல் பலவகைப் பொருள்களின் சேர்க்கையாக இருப்பதே இப்படைப்பை வேறுபடுத்துகிறது. ஆயிரம் தம்ளர்கள் கிடங்கு. ஒரு கட்டிலும் ஒரு வானொலியும் நான்கு பாத்திரங்களும் குடும்பம்.

2011-க்கும் 2013-க்கும் இடையில் உருவான ‘இது நீரூற்று அன்று’ என்னும் படைப்பில் பழைய அலுமினியப் பாத்திரங்கள் பெருங்குவியலாகக் கிடக்கின்றன. குவியலினின்று எழும் குழாய்களிலிருந்து நீர் இடைவிடாது கொட்டுகிறது. அலுமினியம் மென்மையான உலோகம். விழுந்த ஒவ்வொரு முறையையும் தன்மேல் எழுதிக்கொள்வது. ஏழைகளின் உலோகமும் அதுவே. நெளிந்து கறுத்த அக்கலங்களுக்குள் மீண்டும் நீர் விழும்போது, குழாயடியில் அவை முன்பு நின்ற வரிசை நினைவுக்கு வருகிறது. தலைப்பு துஷானையும் மாக்ரித்தையும் நோக்கிக் கண்சிமிட்டுகிறது. இப்படைப்புக்கு அந்த மேதைமைக் குறிப்பு தேவையில்லை என்றே தோன்றுகிறது. தேய்ந்த பாத்திரங்களின் அடிப்பரப்பை விண்வெளிபோல் தீட்டிய ‘எழுநூறு கோடி ஒளியாண்டுகள்’ ஓவிய வரிசையும் இதே திசையில் செல்வது. 2017-இல் பாசல் கலைச்சந்தையில் பழைய அலுமினியப் பாத்திரங்களைத் தொங்கவிட்டு ஒரு குடிலமைத்து, அதனுள் குப்தாவே சமைத்துப் பரிமாறினார். கலைச்சந்தையின் நடுவே நிகழ்ந்த விருந்து என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் பாத்திரக் கூரையின் கீழ் ஒருவர் உண்டார் என்பதும் உண்மை.

இங்கு இக்கட்டுரையின் இருமை தன்னளவில் போதாமல் போகிறது. அலுமினியக் குவியலின் பாத்திரங்கள் புழங்கியவை. ஆனால் புழங்கியவர்களிடமிருந்து கைமாறி வந்தவை. எடைக்குப் போடப்பட்ட பாத்திரம் மீண்டும் சரக்காகிறது, இம்முறை வடுக்களோடு. சரக்கு, புழங்குபொருள் என்னும் இரண்டோடு கழிபொருள் என்னும் மூன்றாம் நிலையையும் கொண்டே குப்தாவின் பிற்காலப் படைப்புகளை ஆராய வேண்டும். கொச்சிப் படகில் ஏற்றப்பட்டவை இம்மூன்றுள் எதிலும் முழுதாக அடங்கவில்லை. அவற்றை எவரும் விற்றுவிட்டதாகவோ எறிந்துவிட்டதாகவோ படகு காட்டுவதில்லை. உடையவர் இறங்கிச் சென்றதாக மட்டுமே காட்டுகிறது.