காட்சியும் சாட்சியும்

கவிதையையும் நாடகத்தையும் திறனாய்வுக் கண்கொண்டு நோக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால், பொதுவெளியில் மக்கள் நடத்தும் காட்சிகளை நாம் அவ்வாறு நோக்குவதில்லை. ஒருவர் எலியைக் கவ்விக்கொண்டு அமர்ந்தார் என்றும், இன்னொருவர் ஓவியத்தின்மீது தக்காளிச் சாற்றை வீசினார் என்றும் படிக்கின்றோம்; சிரிக்கின்றோம் அல்லது முகம் சுளிக்கின்றோம்; தாளை மடித்து வைத்துவிடுகின்றோம். அக்காட்சிகளும் பொருள் உணர்த்த எழுந்த படைப்புகளே. அவற்றுள் எது உண்மை பேசுகிறது, எது ஏய்க்கிறது என்று பிரித்தறிவதும் திறனாய்வின் பணியே. பருவநிலை மாற்றம் எனும் பெருங்கேட்டை எதிர்கொள்ளத் தனிமனிதர் செயலும் கவன ஈர்ப்புப் போராட்டமும் உதவுமா என்று பலரும் வினவும் இந்நாளில் அப்பணியின் தேவை இன்னும் மிகுதியாகிறது.

கெங்குவார்பட்டியில் நின்று நோக்குவோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. கொடைக்கானல் மலைச்சாலை ஏறத் தொடங்கும் காட்ரோட்டை அடுத்த ஊர் இது. மலைமேல் தலையாறு அருவி, எலிவால் என்று பெயர் பெறும் அளவுக்கு மெல்லிய வெண்கோடாய் விழுகிறது; அந்நீரே மஞ்சளாறாகி, 57 அடி அணையில் தேங்கி, வயலுக்கும் தோப்புக்கும் பாய்ந்து, இறுதியில் வைகையில் கலக்கிறது. மேலே மழை தவறினால் கீழே கிணறு வற்றும். வானம் பொய்ப்பதன் விலையை முதலில் கொடுப்பவர், புகை கக்கும் ஆலைகளுக்கு உரியவர் அல்லர். நாள்கூலிக்கு நாற்று நடும் தாய்மாரே.

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 1876-க்குப் பின் காணாத குறைவு அது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என மாநில அரசு அறிவித்தது. ஓர் ஆண்டின் வறட்சியை அப்படியே பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடுதல் அறிவியலுக்கு முறையன்று. எனினும், பூமி சூடேற ஏற நீர் விரைந்து ஆவியாகிறது, மழையின் ஒழுங்கு குலைகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. அவ்வறட்சியின் நடுவே, ஏப்ரல் மாதத்தின் ஒரே வாரத்தில், தமிழ் மக்கள் இரு காட்சிகளைக் கண்டனர். நம் ஆய்வுக்கு அவ்விரண்டும் தக்க தொடக்கமாகும்.

ஒரே வாரத்து இரு காட்சிகள்

முதலாவது, நம் தேனி மாவட்டத்திலேயே, ஆண்டிபட்டியை அடுத்த வைகை அணையில் நிகழ்ந்தது. 2017 ஏப்ரல் 21 அன்று, அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு அவர்கள், நீர் ஆவியாவதைத் தடுக்கும் பொருட்டு, ஒட்டுநாடாவால் இணைத்த தெர்மாகோல் அட்டைகளை நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டார். அதிகாரிகள் சூழ்ந்து நின்றனர், படக்கருவிகள் காத்திருந்தன. சிறிது நேரத்தில் காற்று வீசியது. அட்டைகள் கரை ஒதுங்கின, சில உடைந்தன. அமைச்சரை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. நாடே அதனைப் போதுமான அளவு செய்துவிட்டது. நீர்ப்பரப்பை மூடினால் ஆவியாதல் குறையும் என்னும் கருத்திலும் பிழையில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தின்மேல் 9 கோடியே 60 இலட்சம் கருநிற உருண்டைகளைப் பரப்பினர். நீரின் தரத்தைக் காப்பதோடு ஆவியாதலைக் குறைப்பதும் அவர்தம் நோக்கமாயிருந்தது. வைகையில் பிழைத்தது வேறொன்று. ஆய்வும் சோதனையும் முந்த வேண்டிய இடத்தில் விழா முந்திவிட்டது. வறட்சிக்கு விடை கிடைத்துவிட்டது என்னும் தோற்றத்தை அவ்விழா மக்களுக்குக் காட்டியது.

இரண்டாவது காட்சி தில்லியில் நடந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக உழவர்கள் மார்ச் 14 முதல் ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்தனர். தற்கொலை செய்துகொண்ட உழவர்களுடையவை என்று கூறி மண்டையோடுகளை முன்னே வைத்தனர், எலிகளை வாயில் கவ்வினர், பாதித்தலை மழித்துக்கொண்டனர். ஏப்ரல் 10 அன்று தலைநகரின் அதிகார மையத்துக்கு அருகே ஆடை களைந்து ஓடினர். 41 நாள்களுக்குப் பின், ஏப்ரல் 23 அன்று, முதலமைச்சர் நேரில் வந்து உறுதி கூறியதால் போராட்டத்தை நிறுத்தி வைத்தனர்; பிறகு ஜூலையில் மீண்டும் தொடங்கினர். ‘மானம் இழந்த கூத்து’ என்று முகம் சுளித்தவர் பலர். தமிழரின் பெயர் கெடுகிறதே என்று வருந்தியவரும் உண்டு. அப்பெயர் எலிக்கறி உண்ணும் நிலை வந்தபோது கெடாமல், எலியைக் கவ்வியபோது மட்டும் கெட்டதா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

இறைவாக்கினர் காட்டும் அளவுகோல்

இவ்விரு காட்சிகளையும் எந்த அளவுகோல்கொண்டு அளப்பது? விவிலியத்தைப் படிப்போர்க்கு அது புதிதன்று. எசாயா மூன்றாண்டுகள் ஆடையின்றி, வெறுங்காலுடன் நடந்தார். எரேமியா மூப்பர்களின் முன்னே மண்கலயத்தை உடைத்தார். பின்னர் நுகத்தைக் கழுத்தில் சுமந்து திரிந்தார். அக்காலத்துக் கண்ணியமானவர்கள் அவர்களையும் பித்தர் என்றே எண்ணியிருப்பர். ஆயின், அதே எரேமியா நூலில் இன்னொரு காட்சியும் உண்டு. அனனியா என்னும் பொய் இறைவாக்கினன் கோவிலில் எல்லார் கண்முன்னும் எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்து, இரண்டே ஆண்டுகளில் துன்பம் தீரும் என்று முழங்கினான். காட்சி என்ற அளவில் அனனியாவினுடையதே கவர்ச்சியானது. ஆனால், அது பொய்.

இவற்றை ஒப்பிட்டால் மூன்று வினாக்கள் தெளிவாகின்றன. முதலாவது, அடையாளம் சுட்டுவது உண்மையையா, பொய்யான ஆறுதலையா? இரண்டாவது, அதற்கு விலை கொடுப்பவர் யார்? எரேமியா அடிபட்டார், தொழுவில் மாட்டப்பட்டார். மூன்றாவது, திரை விழுந்தபின் மக்களிடம் மிஞ்சுவது என்ன? முதல் இரண்டிலும் வைகைக் காட்சி தோற்கிறது. ஆறுதல் எளிதாக வழங்கப்பட்டது. செலவு பொதுப்பணத்தைச் சார்ந்தது. தில்லி உழவர்களோ தம் உடலையும் மானத்தையுமே விலையாக வைத்தனர். அவர்கள் சுட்டிய வறட்சியும் கடனும் உண்மை. காட்சி சாட்சியாவது இவ்விடத்திலேதான்.

மூன்றாம் வினாவில் மட்டும் உழவர்களின் போராட்டமும் இடறுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. காவிரி மேலாண்மை ஆணையம் 2018 ஜூனில் அமைந்தது உண்மையே. ஆனால், அதற்கு நேரடிக் காரணம் அவ்வாண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். கூட்டுறவுக் கடன் தள்ளுபடியை எல்லா உழவர்க்கும் விரிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் இட்ட ஆணையும் சில மாதங்களில் உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. இதற்கு உழவர்களை மட்டும் குறைகூற இயலாது. இறைவாக்கினர் கலயத்தை உடைத்தபோது கேட்டுத் திருந்த வேண்டியவர் மக்கள். நாம் படங்களைப் பார்த்தோம், பகிர்ந்தோம், அடுத்த செய்திக்குச் சென்றோம்.

மலையிலிருந்து வந்த பாடம்

அயல்நாட்டுக் காட்சி ஒன்றையும் இதே அளவுகோலால் அளப்போம். 2022 அக்டோபர் 14 அன்று, இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின்மீது இளம்பெண்கள் இருவர் தக்காளிச் சாற்றை வீசினர். புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்களை நிறுத்துக என்பது அவர்தம் இயக்கத்தின் கோரிக்கை. கண்ணாடி மூடியிருந்ததால் ஓவியம் பிழைத்தது. 2024-இல் அவர்களுக்கு முறையே இரண்டாண்டும் இருபது மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எனவே, விலை கொடுக்கவில்லை என்று எவரும் கூற இயலாது. ஆயினும் அடையாளம் பிசகியது. சூரியகாந்திக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பவர் தாமே வருவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எரேமியாவின் உடைந்த கலயத்துக்கு அத்தகைய விளக்கம் தேவைப்படவில்லை. எலியைக் கவ்விய உழவருக்கும் தேவைப்படவில்லை. புதிய உரிமங்கள் வழங்குவதில்லை என்னும் வாக்குறுதி 2024-இல் ஆட்சிக்கு வந்த கட்சியின் தேர்தல் அறிக்கையில் இடம்பெற்றது. அதில் சாற்றின் பங்கு எவ்வளவு, ஆண்டுக்கணக்கில் அமைதியாய் உழைத்தோரின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது அரிது.

அப்பங்கீட்டை ஓரளவு தெளிவாகக் காட்டும் வரலாறு நம் தலைக்கு மேலேயே, கொடைக்கானலில் உள்ளது. பருவநிலை பற்றியது அன்று எனினும் பாடம் ஒன்றே. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானி ஆலை, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆலையை ஒட்டிய பாம்பாற்றுச் சோலையின் நீர் தேனி மாவட்டத்துப் பக்கமே இறங்குகிறது. பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் வெளிப்பட்டதும் ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அதன்பின் முன்னாள் தொழிலாளர் சங்கம் அமைத்து, மனு எழுதி, நீதிமன்றப் படி ஏறி, ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனர். 2015 ஜூலையில் சோபியா அஷ்ரஃப் என்னும் சென்னைப் பெண்மணியின் பாடற்படம் ஒன்று உலகெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பாடல் எட்டு மாதங்களில் சாதித்தது என்பார் உளர். அது பாதி உண்மை. அப்பாடல் யாருக்காகப் பாடப்பட்டதோ அவர்கள் பதினைந்து ஆண்டுகளாகக் கலையாமல் நின்றிருந்தனர். பெயர்ப்பட்டியலும் சான்றுகளும் கோரிக்கைகளும் அணியமாய் இருந்தன. திரியும் எண்ணெயும் ஏற்கெனவே இருந்தமையால் தீக்குச்சி விளக்கானது. வெறுந்தரையில் உரசிய தீக்குச்சி ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்துபோகும்.

துணிப்பையும் மனச்சான்றும்

இனி, தனிமனிதர் செயலுக்கு வருவோம். இங்கு இரு பிழைகளைத் தவிர்க்க வேண்டும். எல்லாப் பழியையும் தனிமனிதர் தலையில் சுமத்துவது முதற்பிழை. ஒவ்வொருவரும் தத்தம் கரிமத் தடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுமாறு 2000-களின் நடுவில் பெரும் விளம்பரம் செய்து அச்சொல்லைப் பரப்பியது, பிபி என்னும் எண்ணெய்ப் பெருநிறுவனமே. எண்ணெய் எடுப்பவர் தம் கணக்கை மறைத்து, எரிப்பவரின் கணக்கைக் கேட்ட விந்தை அது. கரியமிலவாயு வெளியீட்டில் அமெரிக்கர் ஒருவரின் ஆண்டுப் பங்கு சற்றேறக்குறைய 14 டன்; இந்தியர் ஒருவருடையது 2 டன் அளவே. கெங்குவார்பட்டிக் கூலித் தொழிலாளியின் பங்கு அந்தச் சராசரிக்கும் மிகக் கீழே. அவரிடம் சென்று சிக்கனம் போதிப்பது நீதியாகாது.

சிறு செயலோடு மனநிறைவு அடைந்துவிடுவது இரண்டாம் பிழை. ஞாயிறு திருப்பலிக்குத் துணிப்பை கொண்டுவருகின்றோம், திருவிழாவில் மரக்கன்று நடுகின்றோம், நிழற்படம் எடுத்துக்கொள்கின்றோம். அடுத்த கோடையில் அக்கன்றுக்கு நீர் ஊற்றியவர் யார் என்று கேட்பதில்லை. அப்போது துணிப்பையும் கன்றும் நம் மனச்சான்றின்மேல் மிதக்கவிட்ட தெர்மாகோல் ஆகிவிடுகின்றன. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 2024-ஆம் ஆண்டின் வெப்பம் சுமார் 1.55 பாகை மிகுதி. அந்த வெப்பத்தைத் துணிப்பை தணிக்காது.

அவ்வாறாயின் தனிமனிதர் செயல் வீணா? அன்று. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டன. சட்டம் வந்தும் பைகள் கடைகளிலிருந்து மறையவில்லை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்க வேண்டியதாயிற்று. பழக்கம் இல்லாத இடத்தில் சட்டம் நிலைப்பதில்லை. சட்டம் இல்லாத இடத்தில் பழக்கம் பரவுவதில்லை. தனிமனிதர் செயலின் பயன் அது குறைக்கும் புகையின் அளவில் இல்லை. பொதுவில் நீதி கேட்கும் தகுதியை அது ஒருவருக்கு அளிக்கிறது. அடுத்த வீட்டாரையும் அசைக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் இரு மடல்களையும் சேர்த்துப் படிப்போர் இச்சமநிலையைக் காண்பர். 2015-இல் வெளிவந்த ‘லவுதாத்தோ சி’ மடல் அன்றாடச் சிறு செயல்களின் மேன்மையைப் போற்றுகிறது. அதே மூச்சில், சமூகச் சிக்கலுக்குத் தனியாரின் நற்செயல்களைக் கூட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, சமூகமே இணைந்து செயல்பட வேண்டும் என்றும் உரைக்கிறது. 2023 அக்டோபரில் வந்த ‘லவுதாத்தே தேயும்’ மடல் இன்னும் துணிவானது. தீவிரவாதிகள் என இகழப்படும் சூழலியல் போராட்டக் குழுக்கள், முழுச் சமூகமும் நிரப்பியிருக்க வேண்டிய வெற்றிடத்தையே நிரப்புகின்றன என்பது அதன் கருத்து. சாறு வீசியதை அது நியாயப்படுத்தவில்லை. வீச வேண்டிய நிலையை உண்டாக்கிய நம் அமைதியை வினவுகிறது.

அவ்வெற்றிடம் நம் ஊரிலும் உண்டு. மஞ்சளாற்றுப் பாசனக் கால்வாயின் தூர், கண்மாய்க் கரையின் ஆக்கிரமிப்பு, மலையடிவாரத்துக் குப்பை ஆகியவை பற்றி அன்பியக் கூட்டத்தில் எத்தனை முறை பேசியுள்ளோம்? கிறித்தவர், இந்து, இசுலாமியர் எனப் பாராது நீர் பயன்படுத்துவோர் அனைவரும் கையொப்பமிட்ட மனு ஒன்று பேரூராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் ஆண்டுதோறும் சென்று, அதன் விடை கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுமாயின், அது எந்த நாளிதழின் முதற்பக்கத்திலும் வராது. ஆனால், நாளை ஒருவர் துணிந்து கலயத்தை உடைக்கும்போது, அவருக்குப் பின்னே நிற்க ஓர் ஊர் இருக்கும்.

எரேமியாவின் செயல்களில் காட்சிப்பகட்டு மிகக் குறைந்தது, பின்னாளில் அவர் நிலம் வாங்கியதே. நகரம் முற்றுகையில் இருந்தது. அவரோ காவலில் இருந்தார். அந்நிலையில் அனத்தோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு வெள்ளிக் காசுக்கு வாங்கினார். பத்திரம் எழுதி, சாட்சிகளைக் கையொப்பமிடச் செய்து, நெடுங்காலம் கெடாதிருக்க மண்கலத்தில் வைக்கச் சொன்னார். கலயத்தை உடைத்தவரே இன்னொரு கலத்தில் எதிர்காலத்தைச் சேமித்தார். உடைப்பதற்கு ஒருவர் போதும்; பத்திரத்துக்குச் சாட்சிகள் வேண்டும். தில்லியில் உழவர் அமர்ந்திருந்தபோது நாம் இடாத அக்கையொப்பத்தை, மஞ்சளாற்றின் பொருட்டேனும் இடுவோமா?