கோவலன் கூறும் எண்வகை வரி

கோவலன் மாதவியைப் பிரிந்தமைக்கு ஊழ்வினையே காரணம் எனக் கூறி அமைவார் பலர். இளங்கோவடிகளும் கானல்வரியின் இறுதியில் ஊழைச் சுட்டுகின்றார். ஆயினும், அவ்வூழ் எவ்வழி நின்று உருத்தது என வினவுதல் தகும். இருவர்தம் வாழ்க்கையின் வேற்றுமையே அவ்வழி என்பது நம் கருத்து.

மாசாத்துவானின் மைந்தன் 16 ஆண்டினனாய் நமக்கு அறிமுகமாகின்றான். குலச்செல்வம் அவன்முன் குன்றெனக் கிடக்கின்றது. அவன் வாணிகம் செய்யும் காட்சி ஒன்றும் புகார்க் காண்டத்தில் இல்லை. மாதவியோ 7 ஆண்டு பயின்று 12 ஆம் ஆண்டில் சோழன் அவை ஏறுகின்றாள். ஆடலாசிரியன் முதல் யாழாசிரியன் ஈறாக அறுவர்தம் இலக்கணமும் விரித்துரைக்கப்படுகின்றன. அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல். கோலாவது 24 விரல். இவ்வளவுகள் வீண் விரிவு அல்ல. அவள் காதலை அறியுமுன் அவள் உழைப்பை நாம் அறிதல் வேண்டும் என அடிகள் கருதினார் போலும். அவ்வுழைப்பின் பரிசே 1008 கழஞ்சுப் பொன். அம்மதிப்புடைய மாலையைத்தான் நகர நம்பியர் திரியும் மறுகில் கூனி விற்க, கோவலன் கொள்கின்றான்.

இனிக் கானல்வரியை நோக்குவோம். (அடியார்க்குநல்லார் உரை இப்பகுதிக்குக் கிடையாமை நம் தவக்குறையே.) கோவலன் பாட்டில் வேறொருத்தியின் நினைவு உண்டென மாதவி ஐயுற்றாள். அவளும் பிழைபடவே கேட்டாள் என்பதை மறைத்தற்கில்லை. எனினும் அவள் ஐயத்திற்கு விடை யாழிலேயே பிறந்தது. வேறு குறிப்பு உடையாள் போல் பாடினாள். அப்'போல்' என்பதே கலை. கோவலனோ, தான் பாடியது வெறும் கானல்வரி என்றும், அவள் பாடியது நெஞ்சில் உள்ளது என்றும் கொண்டு எழுந்து போயினான்.

வேனிற் காதையில் இவ்வழக்கு தலைகீழாகின்றது. வசந்தமாலை கொணர்ந்த ஓலையை மறுக்கும் கோவலன், மாதவி முன்னர்க் காட்டிய அன்பையெல்லாம் கண்கூடுவரி, காண்வரி, உள்வரி எனத் தொடங்கி எண்வகை வரிக்கூத்தாக எண்ணிக் கூறி, ஆடல்மகளுக்கு அவை இயல்பே என்கின்றான். உரையாசிரியர் அவ்வெட்டிற்கும் இலக்கணம் காட்டிச் செல்கின்றார். நாமும் கூத்திலக்கணச் சான்றாகவே அப்பகுதியைப் பயன்படுத்தி வந்துள்ளோம். ஆனால் அது ஒரு குற்றச்சாட்டு. அதுவும் முரண்பட்ட குற்றச்சாட்டு. கடற்கரையில் அவள் பாட்டை வாழ்க்கை என்றவன், இங்கே அவள் வாழ்க்கையைக் கூத்து என்கின்றான். அவனை ஈர்த்த புலமையே அவளுக்கு எதிரான சான்றாயிற்று. அக்கலைச் சொற்களை அவன் கற்றதும் அவளிடமே ஆதல் கூடும்!

புறஞ்சேரியில் கௌசிகன் கையால் இரண்டாம் ஓலை வருகின்றது. இப்பொழுது கோவலன் குலச்செல்வம் இழந்தவன். கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்ய மதுரைக்கு நடந்து வந்தவன். முதன்முறையாக அவள் எழுதியதில் கூத்தைத் தேடாது பொருளைப் படிக்கின்றான்; அவள் தீதிலள், தீது தன்னதே எனத் தெளிகின்றான். அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோர்க்கும் பொருந்தக் கண்டு, அதனையே அவர்க்குக் காட்டுமாறு கௌசிகனிடம் கொடுத்து விடுகின்றான். மாதவிக்கென அவன் விடுத்த மறுமொழி எதுவும் காப்பியத்தில் இல்லை.